கொழும்பிலிருந்து எந்தப் புல்மலைக்கு? கிரிகல்பொத்த, தொட்டுபொல, ரிவர்ஸ்டன், ஒஹிய இறக்கம்

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறோம் என்று வெள்ளவத்தையிலிருந்து வான் பிடிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பார்த்துவிட்டு வருவது உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும்தான். சுமார் 9 கிலோமீற்றர் சுற்று. நீண்ட வார இறுதி என்றால் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். அதே பார்வையாளர் நிலையத்தடியிலிருந்து இன்னொரு பாதை கிரிகல்பொத்த உச்சிக்குப் பிரிகிறது. நாட்டின் இரண்டாவது உயரமான மலை அது. ஆனால் அந்தப் பாதையில் எதிரே வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்படிச் சத்தம் குறைந்த, புல் போர்த்திய மேட்டு மலையில் ஒரு பகல் நடக்க ஆசைப்படுகிற கொழும்புக்காரருக்கு நடைமுறையில் நான்கு தெரிவுகள் இருக்கின்றன: ஹோட்டன் சமவெளிக்குள் கிரிகல்பொத்தயும் தொட்டுபொலவும், நக்கிள்ஸ் தொடரில் ரிவர்ஸ்டனும் பிட்டவல பத்தனையும், ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் களுப்பஹனைக்கு இறங்கும் பழைய பாதை. உயரத்தைப் பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எந்த மாதம் போகிறீர்கள், விடியற்காலை எத்தனை மணிக்கு வாசலில் நிற்க முடியும், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மலை தானாகத் தெரிந்துவிடும். கால்பலம் அதற்குப் பிறகுதான்.

வேறு சில பெயர்களும் காதில் விழும். பிதுருதலாகல 2,524 மீற்றரோடு முதலிடத்தில் இருந்தாலும் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் பாதுகாப்பு வலயமும் இருப்பதால் நடந்து ஏற விடுவதில்லை. லிப்டன் ஆசனத்தில் பார்வை நல்லது, ஆனால் கடைசிவரை தேயிலைக்கு நடுவே தார்ப்பாதை. கிரேட் வெஸ்டர்ன் நல்ல ஏற்றம். அது தேயிலையும் காடுமான மலை, புல்வெளி தேடுகிறவருக்கு உரியதல்ல. நுவரெலியாவின் ஒற்றை மரத்து மலை காலை நடைக்குப் போதும், ஒரு பகலுக்குப் போதாது.

முதலில் மாதம்

மலையகத்தின் இரு பக்கமும் ஒரே காலத்தில் நனைவதில்லை. இந்த ஒப்பீட்டின் அடித்தளமே அதுதான். ஹோட்டன் சமவெளிக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போதும் காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் வானம் தெளிவாக இருக்கும். பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவந்து மூடிவிடும். மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கியதும் அங்கே தூறலும் காற்றும் பனிமூட்டமும் நாள்முழுக்க நிற்கும். செப்டெம்பர் வரை அப்படித்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடைப்பருவப்பெயர்ச்சி. காலை வெயில் அடித்து ஆளை ஏமாற்றும், பிற்பகலில் இடிமின்னல். மரமில்லாத புல்மேட்டில் நிற்கும் மனிதர்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். இந்த மாதங்களில் நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிடவேண்டும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலச் சனமும் சேர்ந்துகொள்ளும், அறை வாடகையும் ஏறிவிடும்.

ரிவர்ஸ்டன் பக்கத்தின் கணக்கு வேறு. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவு வடகீழ் பருவப்பெயர்ச்சியில்தான் முழுதாக நனைகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே போனால் மழையும் அட்டையும்தான் மிச்சம். ஹோட்டன் சமவெளி மூடிக்கிடக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் பிட்டவல பத்தனை பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆனால் ரிவர்ஸ்டன் முகட்டில் அந்த மாதங்களில் அடிக்கிற காற்றைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டியிருக்கும்.

ஒஹிய இறக்கம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜனவரி–மார்ச்சும் சரி, ஜூன்–செப்டெம்பரும் சரி. ஊவாப் பக்கம் காய்கிற ஜூலை முதல் செப்டெம்பர் வரை மானாப்புல்லில் தீப் பிடிப்பது வழக்கம். முன்னால் புகை தெரிந்தால் சரிவில் மேலே ஏறித் தப்பப் பார்க்காதீர்கள், தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். வந்த வழியே தோட்டப் பாதைக்குத் திரும்புவதுதான் வழி.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையக ரயில் பாதையையும் வீதிகளையும் பல இடங்களில் அறுத்துப் போட்டது. அதனால் பழைய பயணக் குறிப்புகளை அப்படியே நம்பிக் கிளம்பாமல், எந்த நிலையம்வரை ரயில் போகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று அந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். நீங்கள் போகிற பிரிவுக்கு மஞ்சள் நிறம் போட்டிருந்தாலே பயணத்தைத் தள்ளிவைக்கலாம். அடுத்தது செம்மஞ்சள், அதற்கடுத்தது சிவப்பு. அதுவரை காத்திருந்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

கிரிகல்பொத்த: உயரம் ஏமாற்றும்

உச்சி 2,388 மீற்றர். புறப்படுகிற சமவெளியே ஏறக்குறைய 2,100 மீற்றரில் இருப்பதால் நிகர ஏற்றம் முந்நூறு மீற்றருக்குள்தான். இதைக் கேட்டுவிட்டு “பொடிநடையாகப் போய் வரலாம்” என்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறவர்கள் பாதிவழியில் திரும்புகிறார்கள். ஒருவழி ஏறக்குறைய 7 கிலோமீற்றர், போகவர 14. அந்தத் தூரம் முழுவதும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. புல்வெளி, பிறகு ஒரு துண்டுக் காடு, ஓடைக்கரையில் குட்டை மூங்கில், மறுபடி புல்வெளி. கடைசியில் வேரும் பாறையுமான செங்குத்து ஏற்றம். நன்றாக நடக்கிற குழுவுக்கு ஏற இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம், இறங்கவும் கிட்டத்தட்ட அதேயளவு. முதல்நாள் மழை பெய்திருந்தால் இன்னொரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரத்தை விழுங்குவது சேறுதான். புல்வெளியின் தாழ்ந்த இடங்களில் நீர் வடியாமல் தேங்கிக் கறுத்த மண் ஊறின பாண் மாதிரிக் கிடக்கும். மேலே புல் பச்சையாகத் தெரியும், காலை வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகும். முழங்கால்வரை போகிற இடங்களும் உண்டு. சந்தேகமான இடத்தில் முதலில் தடியை ஊன்றிப் பாருங்கள். ஒரு சாண் இறங்கினாலே அங்கே கால் வைக்கவேண்டாம். அடர்ந்த புற்குத்துகளின் தலை தாங்கும், இரண்டு குத்துகளுக்கு நடுவே உள்ள இடம் தாங்காது. சேற்றுக்குப் பயந்து பக்கத்துப் புல்லில் புதிதாக வழி வெட்டிக்கொண்டு போனால் ஒற்றையடிப்பாதை மூன்று பாதையாகி, அடுத்த மழைக்கு மூன்றும் சேறாகிவிடும். சப்பாத்து நனையத்தான் போகிறது என்று முடிவுசெய்துகொண்டு இருக்கிற பாதையிலேயே நடப்பது வேகமும்கூட. மாற்றிப்போட ஒரு சோடி காலுறையைத் தனியே வைத்திருந்து உச்சியில் மாற்றுங்கள், புறப்பட்ட அரை மணித்தியாலத்தில் அல்ல.

அடுத்த ஆபத்து மரைத்தடம். சமவெளியில் மரைகள் கூட்டமாக மேய்கின்றன. அவை ஓடைக்கும் காட்டோரத்துக்கும் போய்வந்து போட்ட தடங்கள் மனிதர் நடந்த பாதையைப் போலவே நேர்த்தியாக இருக்கும். வெயிலில் பிரச்சினை இல்லை. தூரத்து மேட்டில் பாதை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மூட்டம் இறங்கி முப்பது அடிக்கு மேல் தெரியாதபோது மரைத்தடத்தில் திரும்பிப்போய் ஓடையில் முடிகிறவர்கள் உண்டு. வேறுபாடு காணக் கீழே பாருங்கள். மனிதப் பாதையில் சப்பாத்து அடையாளமும், தேய்ந்து வழுவழுப்பான வேரும், மண் அரித்த பள்ளமும் இருக்கும். மரைத்தடம் குறுகியது, பிளந்த குளம்படி தெளிவாகத் தெரியும், குட்டை மூங்கிலுக்குள் இடுப்பளவு உயரத்திலேயே நுழைந்துவிடும். தலையைக் குனிந்து ஊர்ந்து போகவேண்டி வந்தால் பெரும்பாலும் அது உங்கள் பாதையல்ல. சந்தேகம் வந்ததும் நில்லுங்கள். மூட்டம் அலையலையாக வரும். பதினைந்து இருபது நிமிடம் பொறுத்தால் ஒரு இடைவெளி கிடைப்பது வழக்கம். கிடைக்கவில்லையென்றால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள், முன்னால் போகாதீர்கள்.

கைபேசியில் வரைபடத்தைக் கொழும்பிலேயே தரவிறக்கி, பார்வையாளர் நிலையத்தையும் காடு தொடங்கும் இடங்களையும் புள்ளியிட்டுக்கொள்ளுங்கள். பாதையில் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும். குளிரில் பற்றரி வேகமாக இறங்கும், பையின் வெளிப்பக்கத்தில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ரிப்பன் கட்டி அடையாளம் வைக்கிற பழக்கம் பூங்காவுக்குள் வேண்டாம். தனியாகவோ இரண்டு பேராகவோ போவதைவிட மூன்று பேராவது போவது நல்லது. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் ஒருவர் கூட இருக்க, மற்றவர் போய் ஆள் கூட்டிவரலாம். புறப்படும்போது அலுவலகத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல்முறை போகிறவர்கள் வழிகாட்டி கேட்டு வாங்குவது வீண்செலவல்ல. சிறுத்தை இருக்கிற காடு இது. மனிதச் சத்தம் கேட்டால் விலகிப் போகும். அதற்காகப் பாட்டுப் பெட்டியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு நடக்கத் தேவையில்லை.

நேரக்கட்டுப்பாடு ஒன்றை முதலே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: பத்தரை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவது. விழுகைகள் அநேகமாக இறக்கத்தில்தான், அதுவும் அந்தக் கடைசிச் செங்குத்தில் களைத்த காலோடு அவசரப்படும்போது. பட்டை உரிந்த ஈர வேரை மிதிக்காமல் தாண்டுங்கள்.

இத்தனைக்கும் பலனாக என்ன கிடைக்கும்? தெளிவான காலையில் மேற்கே சிவனொளிபாத மலையின் கூம்பு, கீழே அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை, பின்னால் நடந்துவந்த புல்வெளி முழுவதும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புறப்பட்டால் புல்நுனியில் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். பாதையோரம் குட்டைக் கீனா மரங்களின் தலை காற்றுக்குத் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். இலையிடுக்கில் மூக்கில் ஒற்றைக் கொம்புள்ள ஓணான் தென்படலாம். உலகிலேயே இலங்கையின் மலைக்காட்டில் மட்டும் உள்ள உயிர் அது. பார்வையாளர் நிலையத்தைச் சுற்றி மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்பது ஸ்கொட்லாந்து மேட்டுநிலங்களில் காண்கிற அதே செடி. வெள்ளைக்காரர் காலத்தில் வந்து சேர்ந்து இப்போது பெரும் களையாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. விதை ஒட்டாமல் திரும்பும்போது சப்பாத்தைத் தட்டிவிட்டு வாருங்கள். இந்த மேடு தேயிலையாகாமல் தப்பியதற்குக் காரணமும் அந்தக் காலத்து உத்தரவு ஒன்றுதான்: தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடும்படி 1873இல் பிறப்பித்த ஆணை. பின்னாளில் சமவெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1988இல் தேசிய பூங்காவாக்கியதோடு அந்த மாதிரி யோசனைகளுக்கு இடமில்லாமல் போனது.

தொட்டுபொல: நேரம் தவறியவர்களின் மலை

2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரம். பட்டிப்பொல வாசலைத் தாண்டிய பூங்கா வீதியிலிருந்து பாதை பிரிகிறது. ஒருவழி இரண்டு கிலோமீற்றரளவு, ஏற ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றேகால். இராவணனின் விமானம் இறங்கிய இடமென்று ஐதிகம் சொல்கிறார்கள்.

குறுகிய தூரம் என்பதால் சுலபம் என்று நினைக்கவேண்டாம். குட்டைக் காட்டுக்குள் பாதை சுரங்கம் மாதிரிப் போகிறது. ஆறடி உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். மழைக்குப் பிறகு பாதையே வாய்க்கால். ஆனாலும் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகக்கூடியது இதுதான். காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்தவர்களுக்கும் இதுதான். கிரிகல்பொத்தவுக்குத் திட்டம் போட்டு வழியில் தாமதமானால் மனதைத் தேற்றிக்கொண்டு இதில் ஏறுங்கள். இரண்டும் ஒரே பூங்காவுக்குள்தான் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் இதுவும் வேண்டாம், இறக்கம் அவர்களை வாட்டிவிடும்.

ரிவர்ஸ்டனும் பிட்டவல பத்தனையும்

ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஒரே தெரிவு இதுதான். அதிகாலை மூன்றரைக்குக் கொழும்பில் கிளம்பினால் மாத்தளை, ரத்தோட்டை வழியாக எட்டு மணிக்குள் ரிவர்ஸ்டன். மாத்தளையிலிருந்து முப்பது கிலோமீற்றரளவு, வளைவுகள் அதிகம், வயிறு குமட்டுகிறவர்களை முன் இருக்கையில் வையுங்கள். வீதியிலிருந்து தொலைத்தொடர்புக் கோபுரம்வரை ஒழுங்கான பாதை, போகவர இரண்டு மணித்தியாலம் போதும். காடு திடீரென்று முடிந்து முகட்டில் காற்று முகத்தில் அறையும் அந்த ஒரு இடத்துக்காகவே போகலாம்.

பிட்டவல பத்தனை அங்கிருந்து கொஞ்சம் கீழே, ஏறக்குறைய பத்து ஹெக்டெயர் புல்வெளி. ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை. சின்ன உலக முடிவு என்று சொல்கிற விளிம்புவரை வயதானவர்களும் நடந்துவிடுவார்கள். மண் மிக மெல்லியது, பல இடத்தில் புல்லுக்கடியில் உடனே பாறைதான். அதனால் பாதையை விட்டு விலகி விரிப்புப் போட்டு உட்காராதீர்கள், ஒரு பிக்னிக் உரித்த புல் திரும்பி வளர நாளெடுக்கும். விளிம்பில் பிள்ளைகளை ஓட விடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

மலை என்று பார்த்தால் இது மற்ற மூன்றைவிடச் சின்ன அனுபவம். விடுமுறை நாளில் அமைதியும் கிடைக்காது. மோட்டார் சைக்கிள் கூட்டம் நிறைய. வாரநாளில் போகமுடிந்தவர்களுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கலாம். இங்கே வனப் பாதுகாப்புத் திணைக்களம்தான் பொறுப்பு. வீதியோரப் பாதைகளைத் தவிர்த்து உள்ளே போகவேண்டுமானால் ஊர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

அட்டைத் தொல்லை இந்தப் பக்கத்தில்தான் பெரிது. முழங்கால்வரை வருகிற அட்டைக் காலுறையை வாங்கி, காற்சட்டையை அதற்குள் விட்டுக் கட்டுங்கள். ஈரச் சவர்க்காரத்தைக் காலுறையின்மேல் தேய்த்து வைத்தாலும், சித்தாலேப பூசினாலும் கொஞ்ச நேரத்துக்குப் பலன் உண்டு. ஓடையைத் தாண்டினால் கழுவுப்பட்டுப் போகும், மறுபடி பூசவேண்டும். கடித்ததைப் பிடித்து இழுக்காதீர்கள், சுடாதீர்கள். நகத்தை அதன் வாயடியில் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கிற பொருளை அது செலுத்தியிருக்கும், கசிவு நிற்க நேரமெடுப்பது அதனால்தான். கழுவி, துணி வைத்து அழுத்திக்கொண்டிருங்கள்.

ஒஹிய இறக்கம்: வாகனம் இல்லாதவர்களுக்கு

இது உச்சி ஏற்றமல்ல. ஒஹிய ரயில் நிலையம் 1,774 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து உடவேரிய தோட்டத்தைக் கடந்து, புல்மேடுகளின் விளிம்பில் வளைந்து, பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தொட்டுக்கொண்டு களுப்பஹனைச் சந்திக்கு இறங்கும் பாதை, சுமார் ஆயிரம் மீற்றர் இறக்கம். 263 மீற்றரோடு நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி அது. ஆறு முதல் எட்டு மணித்தியாலம். இதன் பெரிய வசதி, தொடங்குகிற இடத்தில் ரயில், முடிகிற இடத்தில் பஸ். கொழும்பு–பதுளை 99 இலக்க பஸ் களுப்பஹனை வழியாகத்தான் போகிறது, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு வந்து சேரலாம். வானும் சாரதியும் தேவையில்லை. நான்கில் செலவு குறைந்ததும் இதுதான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாதையின் மேற்பாதி தோட்டத்துக்குள்ளால் போகிறது. லயத்தடியில் தமிழிலேயே வழி கேட்கலாம். கேட்கிற விதத்தில் மட்டும் கவனம். “அக்கா, பம்பரகந்தைக்கு இந்தப் பாதைதானே?” என்று கேட்டால் மரியாதைக்கு “ஓம்” வந்துவிடும். “களுப்பஹனைக்கு எந்தப் பாதையால போறது?” என்று கேளுங்கள், கையை நீட்டிச் சரியாகக் காட்டுவார்கள். பீலித் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், எது குடிக்கிற தண்ணீர் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கிற பழக்கத்தைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பலவீனம் முழங்கால். தொடர்ந்து இறங்குவதால் முன்தொடை நடுங்கத் தொடங்கும், சப்பாத்து அரையங்குலம் சிறிதாக இருந்தால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். இறங்குவதற்கு முன் சப்பாத்து நாடாவைக் கணுக்காலடியில் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் முட்டாது. இரண்டு தடி கொண்டுபோங்கள். பைன் மரங்களுக்குக் கீழே காய்ந்த ஊசியிலை படிந்த சரிவில் ரப்பர் அடி பிடிக்காது, அங்கே மட்டும் பக்கவாட்டாக இறங்குங்கள். கீழிருந்து மேலே ஏறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறலாம், ஆனால் பிற்பகல் வெயிலில் ஆயிரம் மீற்றர் ஏறி, ஒஹியவில் ரயிலையும் தவறவிட்டால் அந்தச் சின்ன ஊரில் இரவுக்கு அறை தேடவேண்டிவரும்.

போவது, தங்குவது, பையில் வைப்பது

பாதை முழுதும் திறந்து ரயில் ஓடுகிற காலத்தில், கோட்டையிலிருந்து இரவு தபால் ரயிலில் ஏறினால் விடிவதற்கு முன் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம். ஆசனப் பதிவு 30 நாளைக்கு முன் திறக்கும். வார இறுதி இருக்கைகள் உடனேயே தீர்ந்துவிடும், அலாரம் வைத்துத்தான் பிடிக்கவேண்டும். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் பதிவில்லாமல் ஏறலாம், ஆனால் விடியவிடிய நின்றுகொண்டு போய் 14 கிலோமீற்றர் நடப்பது புத்தியல்ல. டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து வெசாக்வரை சிவனொளிபாத யாத்திரைக் காலம். அப்போது ஹற்றன்வரை காலூன்ற இடம் இருக்காது, ஹற்றனுக்குப் பிறகு பெட்டி காலியாகும். நானுஓயா தாண்டியதும் குளிர் ஜன்னலுக்குள்ளால் ஏறும். பட்டிப்பொல 1,891 மீற்றர், நாட்டின் உயரமான ரயில் நிலையம். ஜக்கெட்டைப் பெரிய பைக்குள் அடியில் வைத்துவிட்டு நடுங்காதீர்கள்.

பட்டிப்பொலவிலிருந்து வான் அல்லது ஆட்டோ பேசி வாசலுக்குப் போகவேண்டும். ஒஹியவிலிருந்து பார்வையாளர் நிலையம்வரை 11 கிலோமீற்றர் ஏற்றம். அதையும் நடந்து, கிரிகல்பொத்தவும் ஏறி, திரும்பவும் நடப்பது 36 கிலோமீற்றர். யாரும் சொன்னாலும் கேட்காதீர்கள். வாகனத்தில் வருகிறவர்கள் நுவரெலியாவில் தங்கினால் 32 கிலோமீற்றர், காலை நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம். பட்டிப்பொல, ஒஹியப் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த சிறிய தங்குமிடங்கள் உண்டு, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். பூங்காவுக்குள் கூடாரமடிக்க விரும்பினால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே இடம் பதியவேண்டும். வாசலில் போய்க் கேட்டால் நடக்காது.

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் வித்தியாசம் மடங்குகளில் இருக்கும். கனடாவிலிருந்து வந்த அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால் இந்த விஷயத்தை வாசலில் அல்ல, வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஹோட்டன் சமவெளி வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். லஞ்ச் ஷீட்டில் கட்டின சாப்பாட்டுப் பார்சல் இங்கே செல்லாது. பிஸ்கட்டையும் உறையைப் பிரித்துத்தான் கொண்டுபோகவேண்டும். எவர்சில்வர் பெட்டியில் ரொட்டியும் கட்டச்சம்பலும் அவித்த முட்டையும் வைத்தால் குளிரிலும் சாப்பிடலாம். இடியப்பம் விறைத்துப்போகும், தேங்காய்ச் சம்பல் இரவு முழுக்க ரயிலில் வந்தால் புளித்துவிடும். தண்ணீர் கிரிகல்பொத்தவுக்கும் ஒஹிய இறக்கத்துக்கும் ஆளுக்கு இரண்டு லீற்றர், தொட்டுபொலவுக்கு ஒரு லீற்றர். குளிரில் தாகம் தெரியாது. தலையிடி வந்த பிறகுதான் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிற மரைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்.

உடுப்பில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். கொழும்பில் முப்பது பாகை என்றால் அந்த உயரத்தில் பதினைந்து, விடியலில் ஒற்றை இலக்கம். நனைந்த பருத்தி டீ-ஷேர்ட்டும் காற்றும் சேர்ந்தால் நடுக்கம் தொடங்கும், கை விறைக்கும், பேச்சுத் தடுமாறும்; அந்த நிலையில் உச்சியைப் பற்றிப் பேசாமல் ஈர உடுப்பைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு இறக்கவேண்டும். விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய செயற்கை நூல் சட்டை உள்ளே, கம்பளி அல்லது பிளீஸ் நடுவே, மழையுடுப்பு வெளியே. மழையுடுப்புக்கு விலைகூடிய கடை தேவையில்லை. புறக்கோட்டையில் விற்கிற, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் மேல்கீழ் இரண்டு துண்டு உடுப்பு காற்றையும் நன்றாகத் தடுக்கும். உள்ளே வியர்க்கும், அக்குள் பக்கம் திறந்துவிட்டு நடக்கவேண்டும். ஒற்றைத் துண்டுப் பொன்சோ முகட்டுக் காற்றில் முகத்தில் வந்து அடிக்கும், குடை திரும்பிவிடும். சப்பாத்தின் அடியில் ஆழமான பள்ளம் இருக்கவேண்டும்; தட்டையான அடியுள்ள கன்வாஸ் ஈர வேரில் நிற்காது. டோர்ச், விசில், சுளுக்குக்குச் சுற்றுகிற பன்டேஜ், ஆளுக்கு ஒரு உலர்ந்த மேற்சட்டை. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வீதிவரைதான் வரும். பாதையிலிருந்து வீதிவரை சுமப்பது உங்கள் குழுதான்.

பயணத்துக்கு முதல்நாள் மாலை மலைப்பக்கம் மழை என்று தெரிந்தால் கிரிகல்பொத்தவைத் தொட்டுபொலவாகச் சுருக்குங்கள். காலையில் வாசலுக்கு ஏழரைக்குப் பிந்தினாலும் அப்படியே. ரயில் பட்டிப்பொலவுக்கு மூன்று மணித்தியாலம் தாமதமாக வந்தால் ஒஹியவரை போய் உடவேரியப் பக்கம் பாதித்தூரம் நடந்து, வந்த வழியே நிலையத்துக்குத் திரும்பலாம். களுப்பஹனைக்கு முழுவதும் இறங்க நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்குப் பிறகு தொடங்கவேண்டாம், அங்கிருந்து கொழும்பு பஸ்ஸில் இன்னும் ஐந்து, ஆறு மணித்தியாலம் இருக்கிறது, பதுளையிலிருந்து வருகிற பஸ்ஸில் அநேகமாக நின்றுகொண்டு.